மொறிஸ் மைனரை இரும்புக்குக் கொடுப்பதா, திருத்துவதா?

11.08.2024, ஒரு வாசகரின் கேள்வி

அப்பப்பாவின் 1959 மொறிஸ் மைனர் கார். போன ஞாயிறு கொடிகாமம் தாண்டி வரும்போது சூடேறி, பொனற்றுக்குள் இருந்து ஆவி கிளம்பி நின்றுவிட்டது. லொறியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வந்து பார்த்த மெக்கானிக், ஒயில் பால்போல் இருக்கிறது, எஞ்சின் முடிந்தது, கொழும்பில் வேறு எஞ்சின் தேடிப் பூட்ட ஐந்து லட்சமாவது வேண்டும் என்கிறார். பழைய இரும்பு வாங்குபவர் முழுக் காருக்கும் 85,000 தருகிறாராம். வீட்டில் எல்லோரும் கொடுத்துவிடு என்கிறார்கள். கொடுக்கலாமா?

11.08.2024, இரவு

கொடுக்காதீர்கள் தம்பி. இன்னும் ஒருவரும் ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை. கழற்றாமல் "எஞ்சின் முடிந்தது" என்று சொல்பவரின் கணக்கை நான் எடுக்கமாட்டேன்.

1959 என்றால் 948 சி.சி. எஞ்சின். ஒயில் பால்போல் ஆனால் அதற்குள் தண்ணீர் போயிருக்கிறது. எப்படிப் போனது என்பதுதான் கேள்வி. ஹெட் காஸ்கற் (எஞ்சின் புளொக்குக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) எரிந்திருப்பதுதான் முதலில் சந்தேகப்பட வேண்டியது. ஹெட்டோ புளொக்கோ வெடித்திருக்கவும் கூடும், அதைப் பிறகு பார்க்கலாம். இந்த எஞ்சினில் ஹெட், புளொக் இரண்டும் வார்ப்பிரும்பு. இப்போதைய அலுமினிய ஹெட்போல ஒருமுறை சூடேறியதும் இலேசில் வளையாது. கொஞ்சம் வளைந்திருந்தாலும் லேத்தில் கொடுத்து முகம் சீவி எடுக்கலாம்.

கொம்பிறெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், அளக்கும் மீற்றர் ஒன்றை இரவல் வாங்குங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, அக்சிலரேற்றரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்ராட்டரைச் சுற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டரையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து விழுந்திருந்தால் அவற்றுக்கு நடுவில் காஸ்கற் போயிருக்கிறது. தனியே ஒன்று விழுந்திருந்தால் அந்தத் துளைக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வு. அரைமணி நேர வேலை இது. ஐந்து லட்சத்தையும் 85,000ஐயும் பற்றி அதற்குப் பிறகு கதைக்கலாம்.

12.08.2024, காலை

நேற்று எழுத மறந்தது, முக்கியமானது. அந்த ஒயிலோடு எஞ்சினை ஓட்டிப் பார்க்காதீர்கள். முதலில் பழைய ஒயிலை முழுக்க இறக்கி, மலிவான புது ஒயில் விட்டு, அப்புறம்தான் மீற்றர் வைத்துச் சுற்ற வேண்டும். தண்ணீர் கலந்த ஒயிலில் ஓடினால் பெயரிங்குகள் போகும். அப்போதுதான் மெக்கானிக் சொன்னது உண்மையாகும்.

என்னிடமும் ஒரு மைனர் நிற்கிறது. 1957. அப்பா 1971இல் வாங்கியது. 2020 கடைசியில் கிளச் போனது. திருத்த நினைத்திருந்தபோது பெற்றோல் தட்டுப்பாடு வந்தது. அதற்குப் பிறகு அவசரம் என்று ஒன்றும் இருக்கவில்லை. நான்கு வருடமாகக் கொட்டிலுக்குள் நிற்கிறது. அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்தவுடன் நித்திரையை விட்டு எழுதினேன்.

14.08.2024

85,000 நல்ல விலையா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். மைனர் ஏறக்குறைய 750 கிலோ. அப்படியானால் கிலோவுக்கு 113 ரூபாய் வருகிறது. இரும்புக் கணக்கில் பார்த்தால் மோசமில்லை.

15.08.2024

நேற்றைய கணக்கு பிழை. 750 கிலோவும் இரும்பு அல்ல. கண்ணாடி, ரயர், இருக்கை, வயர், பெற்றோல் எல்லாம் கழித்தால் நல்லாகக் குறையும். ஆகவே இரும்புக்காரர் இரும்பின் விலையைவிடக் கூடவே தருகிறார். ஏன் தருகிறார்? அவர் அதைத் தராசில் ஏற்றப் போவதில்லை. கதவு நான்கு, கியர்பொக்ஸ், பின் அச்சு, கண்ணாடிகள், மீற்றர் என்று கழற்றிக் கொழும்பில் வாகனப் பாட்ஸ் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு அனுப்புவார். மிச்சத்தைத்தான் இரும்பாக விற்பார். தம்பி, உங்கள் காரில் இருக்கும் பெறுமதி உங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

20.08.2024

கொழும்பிலிருந்து எழுதியவர் சொல்வது சரி. நான் எஞ்சினைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன், கறளைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை.

மைனரின் உடம்புக்குக் கீழே தனி இரும்புச் சட்டம் கிடையாது. லொறிக்கும் பழைய ஜீப்புக்கும் கீழே ஒரு சட்டம் இருக்கும், மேலே உடம்பு உக்கினாலும் சட்டம் தாங்கும். மைனரில் தரைத்தகடும், இரு பக்கமும் கதவுக்குக் கீழே ஓடும் சில்லும், குறுக்குச் சட்டமும் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. (சில்லு என்று நான் சொல்வது உருளும் சில்லை அல்ல. கதவுப்படியின் பெட்டித் தகட்டுக்குக் கராஜில் அதுதான் பெயர். குழப்பமாக இருப்பதால் இனிப் படித்தகடு என்றே எழுதுகிறேன்.) முன் சில்லுகளைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் பின்னோக்கி வந்து அந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் முடிகின்றன. அது உக்கினால் முன்பக்கம் பிடிப்பில்லாமல் போகும்.

காருக்குக் கீழே படுங்கள். பழைய ஸ்குறூட்றைவரால் படித்தகட்டை, குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளை, பின் ஸ்பிறிங் தொங்கும் இடங்களைக் குத்திப் பாருங்கள். கறள் பொரிந்தாலும் உள்ளே தகடு தடுத்தால் நல்லது. உள்ளே போனால் அது காகிதம். காந்தத் துண்டு ஒன்றும் கொண்டுபோங்கள், பட்டி போட்டு மறைத்த இடத்தில் ஒட்டாது. கடைசியாக ஜக் வைத்து ஒரு பக்கம் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடுங்கள். இறுகினாலோ மூட மறுத்தாலோ உடம்பு வளைகிறது.

நாங்கள் இருப்பது கடலேரிக்குப் பக்கத்தில். உப்புக்காற்று மேலிருக்கும் பெயின்றைத் தொட முந்தியே கீழே வேலையைத் தொடங்கிவிடும்.

01.09.2024

தம்பி அனுப்பிய அளவுகள்: 140, 55, 60, 135. இரண்டாவதும் மூன்றாவதும். அதேதான், நடுவில் காஸ்கற் எரிந்திருக்கிறது. கீழேயும் குத்திப் பார்த்திருக்கிறார். இடது முன்மூலையில் தரைத்தகட்டில் உள்ளங்கை அளவு ஓட்டை ஒன்று, மற்றதெல்லாம் உறுதி. அப்பப்பா வருடம் ஒருமுறை பழைய ஒயிலைத் தூரிகையால் கீழே பூசுவாராம். அந்த மனிதர் செய்த வேலைதான் இன்றைக்கு இந்தக் காரைக் காப்பாற்றியிருக்கிறது. எனக்கு இன்று முழுக்கச் சந்தோஷம்.

காஸ்கற் செற் இங்கிலாந்தில் புதிதாகவே கிடைக்கிறது. அங்கே உறவினர் இருந்தால் ஒரு சின்னப் பொதியில் வந்துவிடும். இதே குடும்பத்து எஞ்சின்தான் மினிக்கும் ஒஸ்ரின் ஏ35க்கும் என்பதால் சாமானுக்குப் பஞ்சமில்லை.

ஹெட்டைத் திறக்கும்போது றேடியேற்றரையும் கழுவுங்கள். காஸ்கற் தானாக எரிவதில்லை. ஏன் சூடேறியது என்று பார்க்காமல் மாற்றினால் ஆறு மாதத்தில் அதே கொடிகாமத்தில் நிற்பீர்கள்.

இன்னும் இரண்டு இடம். முன் சில்லு திரும்பும் முள் மேலும் கீழும் மரையால் பூட்டப்பட்டது. கிறீஸ் இல்லாமல் ஓடி மரை தேய்ந்தால் ஒருநாள் கழன்று சில்லு அப்படியே உள்ளே மடங்கும். மைனர் வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கண்டிருப்பார்கள். மற்றது பிறேக் மாஸ்ரர் சிலிண்டர். சாரதியின் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. எட்டாத இடம் என்பதால் ஒருவரும் பார்ப்பதில்லை.

05.09.2024

மண்ணெண்ணெயில் ஓடியதால் இந்தக் கார்களின் எஞ்சின் எல்லாம் பழுதாகித்தான் இருக்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தைக் காணாதவர்களுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன்.

1990இல் அரசின் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் என்பது போத்தலில் பார்க்கும் பொருள். மண்ணெண்ணெய்க்கும் விலை ஏறியது, ஆனாலும் கிடைத்தது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, எஞ்சின் சூடான பிறகுதான் எரியும். அதனால் அப்பா பொனற்றுக்குள் ஒரு சேலைன் போத்தலைக் கட்டி அதில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்தார். குழாயின் கிளிப்பைத் தளர்த்திக் காபரேற்றருக்குச் சில துளி விட்டு ஸ்ராட் பண்ணுவார். எஞ்சின் சூடேறியதும் கிளிப்பை இறுக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். ஒழுங்கை முடிவில் எங்கள் கார் வருவது மணத்தில் தெரியும். தலையைப் பிடிக்கும் வெள்ளைப் புகை. பிளக் நான்கையும் தினமும் கழற்றிக் கரியைச் சுரண்டுவது என் வேலை. பள்ளிக்கூடத்துக்குக் கரி விரலோடு போயிருக்கிறேன்.

மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரால் இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயில் குறைய வேண்டிய இடத்தில் கூடும், தண்ணியாகும். அதனால் போர் (சிலிண்டர் துளை) தேயும், பிஸ்ரன் றிங் தேயும். எங்களுடையதும் தேய்ந்தது. 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தபின் அப்பா புளொக்கைக் கழற்றி லொறியில் கொழும்புக்கு அனுப்பி, போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்ரன் போட்டார். அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் ஒரு சத்தம் இல்லாமல் ஓடியது.

எஞ்சினைப் பற்றி நான் இவ்வளவு துணிந்து எழுதுவது இதனால்தான். பன்னிரண்டு வருடம் விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெயில் ஓடிய எஞ்சினை மறுபடி எழுப்பியதை இந்தக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

08.09.2024

அம்மாவுக்கு மேலே உள்ளதை வாசித்துக் காட்டினேன். அவர் திருத்தியவை: அப்பா கார் வாங்கியது 1971 அல்ல, 1969, அக்கா பிறந்த வருடம். பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், அம்மா சொன்னதுதான் சரி. சேலைன் போத்தல் கட்டும் யோசனையும் அப்பாவுடையது அல்லவாம், அயலில் இருந்த ஓர் ஆசிரியர் காட்டிக் கொடுத்தது.

புத்தகத்தைப் பார்த்ததில் இன்னொன்றும் தோன்றியது. எங்களுடைய காருக்கு ஆங்கில எழுத்து இலக்கம். கேள்வி கேட்ட தம்பியுடையது 'ஸ்ரீ' இலக்கமாக இருக்க வேண்டும். 1958இல்தான் சிங்கள ஸ்ரீ வந்தது, அதைத் தார் பூசி அழிக்கும் போராட்டமும் அதனோடு வந்தது. இரண்டு வருட வித்தியாசம் இலக்கத்தகட்டிலேயே தெரியும்.

22.09.2024

இன்று என் காருக்குக் கீழே படுத்தேன்.

ஒரு மாதத்துக்கு முன் தம்பியைப் படுக்கச் சொல்லி எழுதிய எனக்கு அது தோன்றவே இல்லை. தரையில் நிற்கும் காரைக் குத்திப் பார்ப்பதைவிடத் தூக்கிப் பார்ப்போம் என்று ஜக்கைக் கொளுவினேன். மைனரில் ஜக் கொளுவும் துளை குறுக்குச் சட்டத்தின் முனையில் இருக்கிறது. நாலு சுற்று சுற்றினேன். கார் ஏறவில்லை, ஜக் ஏறியது. தகடு கிழியும் சத்தம் உலர்ந்த பனையோலையை மிதிப்பதுபோல இருந்தது. துளையைச் சுற்றிக் கறள் ஒரு சிரட்டை அளவு உதிர்ந்தது.

மறுபக்கமும் அப்படித்தான். ஸ்குறூட்றைவர் படித்தகட்டுக்குள் பிடிவரை போனது. பின் ஸ்பிறிங் தொங்கும் இடம் இடதுபக்கம் கையால் பிய்ந்து வந்தது. கதவைத் திறந்தேன், அரை அங்குலம் கீழே இறங்கியது. மேலே பெயின்ற் இன்னும் மினுங்குகிறது. கொட்டிலின் கிடுகு இரண்டு மாரியாக ஒழுகியதை நான் கண்டேன். நிலம் ஈரமாகவே இருந்ததையும் கண்டேன். ஒரு தகரம்கூடப் போடவில்லை.

இரண்டு மணித்தியாலம் அங்கேயே இருந்தேன். அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

06.10.2024

மூன்று இடத்தில் கேட்டேன். எல்லாம் என் காரை நேரில் பார்த்துச் சொன்ன கணக்கு, வேறு காருக்குப் பொருந்தாது.

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் ரிங்கரிங் (தகட்டு) வேலை செய்யும் ஒருவர்: குறுக்குச் சட்டம், இரு படித்தகடு, முன் தரை, பின் ஸ்பிறிங் இடங்கள், வெட்டி வெல்டிங் செய்ய 450,000. பெயின்ற் தனி. "வெட்டத் தொடங்கினால் எங்கே நிற்பேன் என்று சொல்ல ஏலாது அண்ணை" என்றார். மூவரிலும் அவரைத்தான் எனக்குப் பிடித்தது. இன்னொருவர் 180,000க்கு முடித்துத் தருவதாகச் சொன்னார். எப்படி என்று கேட்டேன், பழைய தகட்டுக்கு மேலே புதுத்தகடு ஒட்டுவாராம். உக்கியதன்மேல் ஒட்டினால் அதுவும் சேர்ந்து உக்கும், போதாததற்குப் பார்க்க நன்றாக இருக்கும். அப்படி ஒரு காரை நாளைக்கு யாராவது நம்பிப் பிள்ளைகளை ஏற்றுவார்கள். மூன்றாமவர் திருத்தவே வேண்டாம் என்று சொல்லி விலை கேட்டார்.

தகடுகள் இங்கிலாந்தில் இருந்து எடுப்பிக்க வேண்டியதில்லை என்று ஒருவர் நினைவூட்டினார். உண்மை. 1990களின் தொடக்கத்தில் பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையத்தோடு சேர்ந்து எங்கள் நாட்டிலேயே, காலியில், மைனருக்கான தகடுகள் செய்து அங்கே அனுப்பத் தொடங்கினார்கள். கார் செய்த நாட்டுக்கு இங்கிருந்து தகடு போனது. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு பிளக்கூட ஒழுங்காக வராது.

பெயின்ற், கிளச், ரயர், பிறேக் எல்லாம் சேர்த்தால் ஒன்பது லட்சம் தாண்டுகிறது. எங்கள் பக்கத்தில் நன்றாக ஓடும் ஒரு மைனரைப் பத்துக்குள் வாங்கலாம்.

13.10.2024

என் முதல் குறிப்பைத் திரும்ப வாசித்தேன். ஹெட், காஸ்கற், கொம்பிறெஷன். சொன்னது எதுவும் பிழையல்ல, வரிசை பிழை. கீழே படுத்துப் பார்க்கச் சொல்வதை முதலாவதாக எழுதியிருக்க வேண்டும். ஒன்பது நாள் கழித்து, அதுவும் வேறொருவர் சொன்ன பிறகு எழுதினேன். காரணம் இப்போது தெரிகிறது. என் காரில் எஞ்சின் நல்லது என்பது எனக்குத் தெரியும். அதனால் எஞ்சினைப் பற்றிக் கதைப்பது சுகமாக இருந்தது. தரை எப்படி இருக்கும் என்பதும் உள்ளுக்குள் தெரிந்திருந்தது, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

பழுதான கார் வைத்திருப்பவர்கள் இந்த வரிசையில் பாருங்கள்: முதலில் தகடு, பிறகு புத்தகமும் பத்திரங்களும், கடைசியாக எஞ்சின். எஞ்சினுக்குச் செலவு எவ்வளவு என்று ஹெட்டைக் கழற்றினால் தெரியும். தகட்டுக்கு முழுக்க வெட்டி முடித்த அன்றுதான் தெரியும்.

14.10.2024

காசுக் கணக்கு மட்டும் பார்த்தால் போதுமா என்று கேட்டவருக்கு: போதாது. ஒன்பது லட்சம் கையில் சும்மா இருந்தால், அந்தக் காரில்தான் ஓட வேண்டும் என்று மனம் கேட்டால், திருத்துவது பிழையில்லை. என்னிடம் இல்லை. மகள் பல்கலைக்கழகம் போகிறாள்.

30.10.2024

யாழ்ப்பாண இடப்பெயர்வுக்கு இன்று 29 வருடம். 1995 ஒக்ரோபர் 30 பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கையால் வந்தது. எல்லோரும் உடனே தென்மராட்சிப் பக்கம் போகச் சொன்னார்கள். நாங்கள் கொக்குவிலில் இருந்தோம். அம்மம்மாவுக்கு நடக்க ஏலாது. காரில் நாலு போத்தல் மண்ணெண்ணெய் இருந்தது.

செம்மணிக்குக் கிட்ட வந்தபோது வீதி முழுக்கச் சனம். அடிமேல் அடி வைத்துத்தான் நகரலாம். மண்ணெண்ணெய் எஞ்சின் அப்படி ஊர்ந்தால் கொதிக்கும். கொதித்தது. அப்பா நிற்பாட்டிவிட்டு இறங்கி, சாரதிக் கதவைத் திறந்து வைத்து ஒரு கையால் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நானும் அண்ணாவும் பின்னால் தள்ளினோம். உள்ளே அம்மம்மா, அவர் மடியில் யாரோ ஒருவரின் குழந்தை, பக்கத்தில் வழியில் ஏற்றிய ஒரு முதியவர், இரண்டு மூட்டை அரிசி. மழை பெய்தது. நாவற்குழிப் பாலத்தைத் தாண்டும்போது விடியப் பார்த்தது. சாவகச்சேரிக்கு வந்து சேரும்போது மத்தியானம் கழிந்துவிட்டது. அந்த வழியில் எஞ்சின் ஓடிய தூரத்தைவிட நாங்கள் தள்ளிய தூரம் கூட.

அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டுக் கூரை இல்லை. கார் இருந்தது.

இதை எழுதியதால் முடிவு மாறவில்லை. ஆனால் இதை எழுதாமல் முடிவெடுக்க என்னால் முடியவில்லை.

17.11.2024

காரின் பதிவுப் புத்தகத்தை மட்டும் விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். என் புத்தகத்தையும் இலக்கத்தகட்டையும் வேறொரு காரில் ஏற்றுவார்களாம். இரும்புக்காரர் சொன்ன விலையைப் போல மூன்று மடங்கு சொன்னார். கொடுக்கவில்லை. அது களவு. நாளைக்கு அந்த இலக்கத்தில் ஒரு விபத்து நடந்தால் கேள்வி என் வாசலுக்கு வரும் என்பது ஒரு பக்கம். அப்பாவின் பெயருக்குக் கீழே என் பெயர் எழுதிய புத்தகம் அது. அதை வைத்துப் பொய் சொல்ல விடமாட்டேன்.

01.12.2024

நவம்பர் கடைசி வெள்ளம் கொட்டிலுக்குள் வந்தது. இரண்டு நாள் தரைத்தகட்டுக்கு மேலே தண்ணீர். வடிந்தபின் சாரதிப் பக்க இருக்கை ஒரு கால் தரைக்குள் இறங்கி நின்றது.

கழற்றப் போகிறேன். இரும்புக்காரரிடம் முழுதாகக் கொடுக்கமாட்டேன். நானே கழற்றி, நல்லதெல்லாம் ஓடும் மைனர்களுக்குக் கொடுத்து, மிச்சத்தை மட்டும் தராசுக்கு அனுப்புவேன். கேள்வி கேட்ட தம்பிக்கு முதல் உரிமை.

15.12.2024

இரண்டு ஞாயிறாகக் கழற்றினோம். தம்பி தன் மச்சானோடு வந்திருந்தார். அவருடைய கார் போன மாதமே ஓடத் தொடங்கிவிட்டது. காஸ்கற், லேத், றேடியேற்றர் கழுவியது, தரையில் ஒரு துண்டு வெல்டிங், எல்லாம் 95,000க்குள் முடிந்ததாம். முன் சில்லு முள் மட்டும் தேய்ந்திருந்தது. அப்பா கிறீஸ் போடுவதில் பிசகாதவர், எங்கள் காரின் முள் இரண்டும் அச்சொட்டாக இருந்தன. அவை இப்போது தம்பியின் காரில்.

எஞ்சின் கிளிநொச்சியில் ஒருவருக்குப் போனது. கொம்பிறெஷன் அளந்து எழுதிக் கொடுத்தேன். கியர்பொக்ஸ் மானிப்பாய்க்கு. கதவில் ஒன்றுதான் தேறியது. கையை நீட்டுவதுபோல எழும்பும் பழைய சிக்னல் கை இரண்டும் வேலை செய்தன. அவற்றை வாங்கியவர் கொழும்பில் இருந்து பஸ்ஸில் வந்தார்.

மிச்ச உடம்பை வெட்ட வந்த பையன் பொனற்றின் நடுவில் தட்டையாக ஓடும் பட்டையைப் பார்த்து, இது என்ன, பிறகு ஒட்டியதா என்று கேட்டான். இதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் கடைசி நேரத்தில் மாதிரிக் கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நாலு அங்குலம் அகலப்படுத்தினார். அந்த நாலு அங்குலம்தான் அது. பிறந்ததே வெட்டித்தான் என்று அவனுக்குச் சொன்னேன். அவன் அந்தப் பட்டையின் ஓரமாகவே வெட்டினான்.

தராசில் மிச்சம் 310 கிலோ. பாட்ஸ் விற்றதும் இரும்பும் சேர்த்து இரும்புக்காரர் சொன்ன விலையைவிட இரண்டரை மடங்கு வந்தது. இரண்டு ஞாயிறு வேலையும் முதுகுவலியும் அதில் சேரவில்லை. புத்தகத்தையும் இலக்கத்தகடுகளையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஒப்படைத்துப் பதிவை நீக்க விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். இதைச் செய்யாமல் விடாதீர்கள். கார் இல்லாமல் போனாலும் பதிவு உங்கள் பெயரில் உயிரோடு இருக்கும்.

03.02.2025

வாகன இறக்குமதி இந்த மாதம் திறந்துவிட்டது. 2020 மார்ச்சில் மூடியது. அவசரப்பட்டுவிட்டாயே, கொஞ்சம் பொறுத்திருந்தால் வெல்டிங் கூலி, பாட்ஸ் விலை எல்லாம் இறங்கியிருக்கும் என்று அண்ணா தொலைபேசியில் சொன்னார். வரியைப் பார்த்தால் புதுக் கார் எங்களைப்போல ஆட்களுக்கு எட்டாது, பழைய கார் விலை எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் என் காரைத் தின்றது விலை அல்ல, ஒழுகிய கூரை. 2020இல் கிளச் போன அன்று கீழே படுத்துப் பார்த்து, ஒரு தகரம் போட்டு, நாலு கல்லில் ஏற்றி வைத்திருந்தால் இன்று இந்த இழையில் வேறு மாதிரி எழுதியிருப்பேன். கார் ஓடாமல் நிறுத்தி வைத்திருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், நாளைக்கே போய் அது நிற்கும் நிலம் ஈரமா என்று பாருங்கள்.

16.02.2025

தம்பி இன்று காரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மாவை ஏற்றிக்கொண்டு கைதடிவரை போய் வந்தோம். முன் சில்லில் ஒரு சத்தமும் இல்லை. அம்மா திரும்பி வரும்வரை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார், இறங்கும்போது "ஸ்ரியறிங் கொஞ்சம் இடதுக்கு இழுக்குது, பார்" என்றார். பார்த்தோம். இடது முன் ரயரில் காற்றுக் குறைவு.

பின் விளக்கு ஒன்று, இடது பக்கத்துக்கு, கண்ணாடி உடையாமல் மிச்சம் இருக்கிறது. ஓடும் மைனர் வைத்திருப்பவர் கேட்டால் சும்மா தருவேன்.